வழியனுப்பு இயல்

கல்யாணத்துக்கு வருகிறவர்களை எதிர்கொள்ள நம்மிடம் குறைவில்லாத சாத்திரம் இருக்கிறது. மண்டப வாசலில் மேசை போட்டு, அதன்மேல் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், கல்கண்டுத் தட்டு வைத்து, பட்டுப்பாவாடை கட்டிய இரண்டு பெண்பிள்ளைகளை நிறுத்துகிறோம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஊர்வலமும் பெண்ணழைப்புக்கு ஆரத்தியும் உண்டு. சம்பந்தி வீட்டார் வேனை விட்டு இறங்கும்போது மேளம் வாசிக்கவேண்டிய இடம்கூட முன்னாலேயே பேசி முடிவாகியிருக்கும்.

போகிறவர்களுக்கு இருப்பது தாம்பூலப் பை ஒன்றுதான். மணமக்கள் புறப்படும்போது அதுவும் இல்லை. பிறந்து வளர்ந்த வீட்டை விட்டு ஒரு பெண் கிளம்பும் நேரத்தில் அவள் அப்பா சமையல்காரருக்குப் பணம் எண்ணிக்கொண்டிருக்கிறார். அம்மா வாடகைப் பாத்திரத்தில் ஒரு கரண்டி குறைவதைத் தேடிக்கொண்டிருக்கிறாள். பெரியப்பா மொய் நோட்டில் கூட்டல் போடுகிறார். வண்டி கிளம்பிவிடுகிறது. இது பெருங்குறை. இதைத் தீர்க்கும் வழியைச் சொல்வதே இச்சிறு நூலின் பயன். நாலு பக்கமும் சாலையும், மேற்கே கோட்டையும், சுற்றிலும் நெல்லும் உள்ள செஞ்சியை இதற்கு நிலமாகக் கொண்டிருக்கிறேன்.

1. இலக்கணம்

வழியனுப்பு என்பது, தாலி ஏறியபின் மணமக்கள் இருவரும் சேர்ந்து ஓரிடத்தை விட்டுப் புறப்படுவதும், அவர்களுக்கு நெருங்கியவர்கள் வேறு எந்த வேலையும் கையில் இல்லாமல் நின்று அதைப் பார்ப்பதும் ஆகும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் பயணம்.

இந்த இலக்கணப்படி, நம் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின மாலை நடக்கும் வரவேற்பில் வழியனுப்புக்கு இடமில்லை. அன்று தாலி ஏறவில்லை. கடைசி வரிசை மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கியதும் பெண் ஓர் அறைக்கும் மாப்பிள்ளை வேறோர் அறைக்கும் போகிறார்கள். விடிந்தால் முகூர்த்தம். மேலைநாட்டு வரவேற்பில் வரிசை வேறு. அங்கே விருந்தினர் எல்லாரும் இருக்கும்போதே தம்பதி புறப்படுவார்கள். அரிசி தூவுவது, வண்டிக்குப் பின்னால் தகர டப்பா கட்டுவது, கம்பி மத்தாப்பைப் பிடித்து இரு வரிசையாக நிற்பது எல்லாம் அந்த வரிசையில் பிறந்தவை. இங்கோ விருந்தினர் சாப்பிட்டுப் போனபின்தான் மணமக்கள் பந்தியில் உட்காருகிறார்கள். மத்தாப்பு வரிசையை அந்த இரவில் வைத்தால், பிடிக்க ஆள் இருக்காது. ஆள் கிடைத்தாலும் மணமக்கள் போக ஊர் இருக்காது.

ஆகவே வழியனுப்புக்கு உரிய இடம் முகூர்த்த நாளின் பிற்பகல். வரவேற்பை முகூர்த்த நாள் மாலையிலோ, பிறகு மாப்பிள்ளை ஊரிலோ வைப்பவர்கள் அதன் முடிவிலும் வைத்துக்கொள்ளலாம்.

2. முன்னோர் சான்று

தமிழில் வழியனுப்பைப் பற்றிய பழைய பாடல்களில் பெரும்பகுதி, வழியனுப்பக் கிடைக்காத தாய்மாரின் பாடல்கள். மகள் தன் காதலனோடு ஊரறியாமல் கிளம்பிப் போவதை உடன்போக்கு என்று துறை வகுத்து, பெற்ற தாயும் வளர்த்த செவிலியும் பின்னிருந்து புலம்புவதைச் சங்கப் புலவர்கள் விரிவாகப் பாடினார்கள். ஐங்குறுநூற்றில் ஒரு தாய், மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தவரிடம் கேட்கிறாள்: காற்சிலம்பு கழற்றும் சடங்கை உங்கள் வீட்டிலேயே செய்துகொண்டாலும், கல்யாணமாவது எங்கள் வீட்டில் நடக்கட்டுமே என்று. அந்தத் தாய் பொன்னோ பொருளோ கேட்கவில்லை. பார்த்து அனுப்பும் உரிமையைக் கேட்டாள். ஈராயிரம் ஆண்டுக்குப் பிறகு அந்த உரிமை நமக்கு முழுதாகக் கையில் இருந்தும், கரண்டி தேடப்போய் அதை விடுகிறோம்.

அகநானூற்றின் 86ஆம் பாடல் கல்யாணத்தையே காட்டுகிறது. பந்தலிட்டு மணல் பரப்பி, உழுந்து சேர்த்த உணவு சமைத்து, பிள்ளை பெற்ற மகளிர் நால்வர் பெண்ணுக்கு நீராட்டி வாழ்த்துகிறார்கள். நீரோடு சொரிந்த பூவும் நெல்லும் அவள் கூந்தலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தூவுபொருளைப் பற்றிப் பின்னால் பேசும்போது இது நமக்கு வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் மாப்பிள்ளையின் தாயே கோவலனையும் கண்ணகியையும் தனி மனையில், வேண்டிய செல்வத்தோடு, குடிவைக்கிறாள். அனுப்புவது பெண்வீட்டார் கடமை மட்டுமே என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காளிதாசனின் சாகுந்தலத்தில் நாலாம் அங்கத்தின் பெரும்பகுதி ஒரு வழியனுப்புதான். அன்புக்குரியவரை நீர்நிலை வரை உடன்சென்று அனுப்ப வேண்டும் என்ற மரபை அங்கே சகுந்தலையின் வளர்ப்புத் தந்தை கண்வருக்கு நினைவூட்டுகிறார்கள், அவரும் குளக்கரையில் நின்றுவிடுகிறார். எதுவரை போவது, எங்கே நிற்பது என்பதை முன்னாலேயே முடிவுசெய்ய வேண்டும் என்பது இதன் பாடம்.

3. செஞ்சியிலிருந்து புறப்பட்டவை

இந்த ஊர் முக்கியமான புறப்பாடுகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறது. சிவாஜி 1677இல் பிடித்த கோட்டைக்கு அவர் மகன் இராஜாராம் 1689இல் வந்து சேர்ந்தார். முகலாயத் தளபதி சுல்பிகர் கான் ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டார். 1698இல் கோட்டை விழுந்தபோது இராஜாராம் உள்ளே இல்லை. முன்னாலேயே வெளியேறியிருந்தார். ஆள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த வகையில் அது நல்ல புறப்பாடு. யாருக்கும் தெரியாமல் நடந்ததால் வழியனுப்பு ஆகாது.

செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜனின் கதைப்பாடலில் இன்னொன்று வருகிறது. ஆர்க்காட்டு நவாபின் படை 1714இல் வருகிறது. தேசிங்கின் நண்பன் மகபத்கான் தன் கல்யாணத்திலிருந்து எழுந்து குதிரையேறிப் போருக்குப் போகிறான். தேசிங்கும் அவனும் திரும்பவில்லை. அந்தக் கல்யாண வீட்டில் அவனை நின்று அனுப்ப யாருக்கும் நேரம் இருந்திருக்காது. செஞ்சி வட்டாரத்தில் தெருக்கூத்திலும் பாட்டிலும் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள், கல்யாண வீட்டிலிருந்து கிளம்புகிறவரை அவசரத்தில் அனுப்பக் கூடாது என்பதை மற்ற ஊராரைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கல். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கற்றூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. இன்றும் அவற்றைக் காட்டுகிறவர்கள் செஞ்சித் தூண் என்றே சொல்கிறார்கள். இந்த ஊரிலிருந்து போவது எதுவும் ஊர்ப்பெயரோடு போகிறது. பெண்ணும் அப்படித்தான்.

4. இடம்

கோட்டைக்குள் கல்யாண மகால் இருக்கிறது. நாற்புறமும் அறைகள் சூழ்ந்த முற்றமும், அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பாக முடியும் கோபுரமும், மேல்நிலைக்குத் தண்ணீர் ஏற்றிய மண்குழாய்களும் உள்ள கட்டடம். பெயரே இப்படி இருக்கும்போது வழியனுப்பை அங்கேயே வைத்தால் என்ன என்று மாப்பிள்ளைத் தோழர்களுக்குத் தோன்றுவது இயல்பு. அதற்கு 1959ஆம் ஆண்டின் பழஞ்சின்ன விதிகள் பதில் சொல்கின்றன. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் மைய அரசின் எழுத்து அனுமதி இல்லாமல் கூட்டம், வரவேற்பு, விருந்து, கேளிக்கை நடத்தக் கூடாது. வரவேற்பு என்று பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சி உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின், இந்த விதியை மதிப்பது ஊர்க் கௌரவமும் ஆகிவிட்டது. கோட்டைக்குப் போகிறவர்கள் வேறொரு நாளில் சீட்டு வாங்கிக்கொண்டு போகட்டும்.

வழியனுப்புக்கு மண்டப வாசலே போதும். ஆனால் அது சாலையோர மண்டபமாக இருந்தால் வண்டியைச் சாலையில் நிறுத்தக் கூடாது. நூறு பேர் நெடுஞ்சாலையின் விளிம்பில் நின்று அழுவது ஆபத்து. காரை வளாகத்துக்குள் கொண்டுவந்து, முகப்பு வெளியே பார்க்க நிறுத்த வேண்டும். எல்லாரும் ஏறியபின் ஓட்டுநர் பின்வாங்கித் திருப்பினால், கையசைத்தவர்கள் விலகி ஓட வேண்டிவரும். அதோடு எல்லாம் கலைந்துவிடும்.

5. காலம்

பகலை ஆறு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரமாக எட்டுக் கூறு செய்து இராகு காலம், எமகண்டம், குளிகை என்று கிழமைதோறும் ஒதுக்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு முதல் ஒன்றரை எமகண்டம். மூன்று முதல் நாலரை குளிகை. நாலரை முதல் ஆறு இராகு காலம். மண்டபத்தைப் பிற்பகலுக்குள் காலிசெய்து தரவும் வேண்டும். மீந்திருப்பது ஒன்றரை முதல் மூன்று.

அதற்குள் முடியாவிட்டால் குளிகையில் புறப்படலாமா? குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. அதனாலேயே தாலி கட்ட அது ஆகாது, நகை வாங்க ஆகும். மகள் அடிக்கடி வந்து அடிக்கடி புறப்பட வேண்டும் என்று நினைக்காத தாய் இல்லை. ஆகவே குளிகை வழியனுப்புக்கு மிக உகந்தது என்பது என் துணிபு.

நேரம் பார்க்காதவர்களும் நம்மிடையே உண்டு. 1967இல் அண்ணா ஆட்சியில் சட்ட ஏற்புப் பெற்ற சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்பவர்கள் இந்தக் கணக்கைத் தாண்டிப் படிக்கலாம். ஆனால் அவர்களும் இரண்டு நாளைப் பார்த்தே ஆக வேண்டும். அமாவாசையில் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சலுக்குப் போகும் கூட்டம் செஞ்சி வழியாகப் போகிறது. பௌர்ணமியில் கிரிவலக் கூட்டம் திருவண்ணாமலைச் சாலையை நிறைக்கிறது. இந்த நாட்களில் இருட்டுவதற்கு முன்னால் வண்டி ஊரைத் தாண்டிவிட வேண்டும்.

6. திசை

செஞ்சிச் சாலைகள் நாலு திசைக்கும் நேராகப் போகின்றன என்பது வழியனுப்பு இயலாருக்குக் கிடைத்த வரம். மேற்கே திருவண்ணாமலை, கிழக்கே திண்டிவனம், தெற்கே விழுப்புரம், வடக்கே சேத்துப்பட்டு. தினசரிக் காலண்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் சூலத்தை இதன்மேல் வைத்துப் பார்த்தால் ஐயத்துக்கே இடமில்லை. திருவண்ணாமலை மாப்பிள்ளைக்கு ஞாயிறும் வெள்ளியும் சூலம், பரிகாரம் வெல்லம். திண்டிவனத்துக்குத் திங்களும் சனியும், பரிகாரம் தயிர். சேத்துப்பட்டுக்குச் செவ்வாயும் புதனும், பரிகாரம் பால். விழுப்புரத்துக்கு வியாழன், பரிகாரம் தைலம். முதல் மூன்றும் சமையற்கட்டில் இருப்பவை. கடைசி நேரத்தில் தேடாமல் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைக்க வேண்டும். பாட்டி ஒருத்தி அதைப் பிள்ளைகள் வாயில் போடட்டும். நம்புகிறவர்களுக்கு அது பரிகாரம். நம்பாதவர்களுக்கும், கிளம்பும் நேரத்தில் பாட்டி கையால் ஒரு துண்டு வெல்லம் கிடைக்கிறது.

திசையைச் சார்ந்த இன்னொரு விதி உண்டு. மேற்கே போகும் வண்டி தெற்கில் ராஜகிரி மலையும் வடக்கில் கிருஷ்ணகிரி மலையும் நிற்க நடுவே போகும். பெண்ணை ஜன்னல் ஓரம் உட்கார வைக்க வேண்டும். கிழக்கே போனால் மலைகள் முதுகுப்பக்கம் நின்றுகொண்டே வரும். ஆகவே காரின் பின்கண்ணாடியைப் பூவாலும் பெயரெழுத்துகளாலும் மூடக் கூடாது. ஓட்டுநருக்கும் அது வேண்டும், பெண்ணுக்கும் வேண்டும்.

7. ஆள்

இந்த இயலின் உயிர் இங்கே இருக்கிறது. வழியனுப்புவோர் யார்? கையில் ஒன்றும் இல்லாதவர். மொய்ப்பை வைத்திருப்பவர், சாவிக்கொத்து வைத்திருப்பவர், போனில் ஜெனரேட்டர்காரரோடு பேசுபவர் யாரும் அந்நேரத்தில் வழியனுப்புவோர் ஆகமாட்டார்கள், அவர்கள் பெற்றவர்களாகவே இருந்தாலும்.

ஆகவே அப்பா, அம்மா, தாய்மாமன், உடன்பிறந்தவர்கள் ஆகியோரை வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும். அதற்குக் கல்யாணத்துக்கு முன்பே இருவரை நியமிப்பது முறை. ஒருவர் கணக்காளர். சமையல், மேளம், பந்தல், பூ, பாத்திரம், மண்டபம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு, வண்டி கிளம்பி அரை மணி கழித்துத்தான் கணக்கு முடிக்கப்படும் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டியது இவர் பொறுப்பு. மற்றவர் அறைக் காவலர். அறைகளைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பார். இவர்கள் இருவரும் வழியனுப்பைப் பார்க்க முடியாது. அது பெரிய தியாகம். நெருங்கிய நண்பர்களிடமோ, ஒன்றுவிட்ட சித்தப்பா முறையில் பொறுமையுள்ள ஒருவரிடமோதான் அதைக் கேட்க முடியும். மறுவீட்டு விருந்தில் அவர்களுக்கு முதல் பந்தியில் இடம் போட வேண்டும்.

வடநாட்டு விதாயில் பெண் கைநிறைய அரிசியைத் தலைக்குமேல் பின்னால் வீசிவிட்டு வண்டியேறுகிறாள், அண்ணன் தம்பிகள் வண்டியைக் கொஞ்சதூரம் தள்ளிவிடுகிறார்கள். உருது பேசும் இசுலாமியக் குடும்பங்களில் ருக்சதி என்று வழியனுப்பே ஒரு சடங்கு. ஆளுக்கொரு வேலை கொடுத்திருப்பதால்தான் அங்கே யாரும் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. நம் தம்பிகளுக்கும் ஒன்று கொடுப்போம். காரின் கதவைத் திறந்து மூடுவது தம்பியின் உரிமை. தாய்மாமன் பெண்ணின் கையைப் பிடித்துப் படியிறக்கி வரட்டும். துணைக்குப் போகும் தங்கையோ அத்தையோ முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும்.

8. கைப்பொருள்

கட்டிலும் பீரோவும் குத்துவிளக்கும் சின்ன யானையில் முன்னாலேயே போய்விட வேண்டும். அழுகிற நேரத்தில் மெத்தைக்குக் கயிறு கட்டக் கூடாது. பெண்ணின் கையில் கொடுக்க வேண்டியது ஒரு கோப்பு. அதில் அவள் படிப்புச் சான்றிதழ்கள், ஆதார், வங்கிப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை இரண்டு பிரதி இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தை 90 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும். பத்திரிகை அப்போது கேட்பார்கள்.

இன்னொரு தாளும் உண்டு. வரதட்சிணைத் தடைச் சட்டத்தின்கீழ் 1985இல் வந்த விதிகளின்படி, பெண்ணுக்கு வந்த அன்பளிப்புகளின் பட்டியலைப் பெண்ணே வைத்திருக்க வேண்டும். பொருள், ஏறக்குறைய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு எல்லாம் எழுதி மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். மொய் நோட்டை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதும் நாம், இந்தப் பட்டியலை எழுதுவதே இல்லை. மகள்மேல் அன்புள்ளவர்கள் முந்தின இரவே எழுதி முடிக்க வேண்டும்.

9. ஓசையும் ஒளியும் தூவுபொருளும்

மேளக்காரர்கள் முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டதும் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். வழியனுப்பு வரை என்று பேசியே அமர்த்த வேண்டும். நாதஸ்வரமும் தவிலும் வாசலில் ஒரு பக்கமாக நின்று வாசிக்கட்டும். பெட்டி பெட்டியாய் ஒலிபெருக்கி வைத்தால் அம்மா சொல்வது மகளுக்குக் கேட்காது. மாலை வரவேற்புக்குப்பின் அனுப்புவோர் இரவு பத்து மணிக்குமேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டு விதியை நினைவில் கொள்ள வேண்டும்.

வானத்தில் விடும் காகித விளக்கு வேண்டாம். இந்த வட்டாரத்தில் ஊர் முடிகிற இடத்தில் வைக்கோல் போர் தொடங்குகிறது. கம்பி மத்தாப்பு பிடிக்கலாம். ஆனால் பட்டுப்புடவைக் கூட்டத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் வாளியும், எரிந்த கம்பியைப் போட மணல்தட்டும் இருக்க வேண்டும்.

தூவுவதற்குச் சரிகைத் தாள் ஏன்? ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வந்து குவியும் நெல்லுக்குப் பேர்போன ஊர் இது. உதிரிச் சாமந்தியும் ரோஜா இதழும் ஒரு பிடி நெல்லும் கலந்து கூடையில் வைக்கலாம். பெண்வீட்டு நிலத்தில் விளைந்த நெல்லாக இருந்தால் இன்னும் சிறப்பு. பெண் தன் புதுவீட்டில் தலை வாரும்போது நாலு நெல்மணி கீழே விழும். அகநானூற்றுப் பெண்ணின் கூந்தலில் இருந்ததும் அதுவே.

10. நடைமுறை

மொத்தம் இருபது நிமிடம். முதல் ஐந்தில் மணமக்கள் பெரியவர்கள் காலில் விழுந்து எழட்டும். அடுத்த ஐந்தில் பெற்றவர்கள் மட்டும் ஓர் அறையில் மகளோடும் மருமகனோடும் உட்காரட்டும். அங்கே போட்டோகிராபருக்கு வேலையில்லை. பிறகு மேளம், வெல்லம், படியிறக்கம், கோப்பு, கதவு. எல்லாரும் வளாகத்தின் வாயில் வரை நடந்து அங்கே நிற்க வேண்டும். அதுதான் நம் குளக்கரை. பைக்கில் துரத்திக்கொண்டு போகக் கூடாது. ஓட்டுநர் முதல் நூறு அடியை நடைவேகத்தில் ஓட்ட வேண்டும் என்று அவரிடம் காலையிலேயே சொல்லி, அவரையும் பந்தியில் சாப்பிட வைத்திருக்க வேண்டும்.

11. எச்சம்

பெண்ணைப் பெற்றவள் அன்று காலையிலிருந்து சாப்பிட்டிருக்கமாட்டாள். வருகிறவர்களைக் கவனித்ததில் பந்தி முடிந்திருக்கும். சமையல்காரரிடம் இருபது இலைக்குச் சாதமும் சாம்பாரும் வடையும் பாயசமும் தனியே எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். வண்டி கண்ணுக்கு மறைந்ததும் தாய்மாமன் பெண்ணின் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிவந்து இலைமுன் உட்கார வைக்க வேண்டும். சம்பந்தி வீட்டார் இருவர் பின்தங்கி நின்று தம் கையால் பரிமாறினால் வழியனுப்பு நிறைவு பெறும். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியபின் கணக்காளர் வரலாம்.